இசட் டிரைவ் எங்கே போச்சு?

பெர்ன்ஹில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மைசூர் மகாராஜாவின் அரண்மனை ஞாபகம் வரும். சினிமாக்காரர்களுக்குப் புல்வெளியும் பனிமூட்டமும் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அது 643004 என்ற பின்கோடு, ஜூலை மாதத்துச் சாரல், மரம் விழுந்தால் போகிற கரண்ட். அவ்வளவுதான்.

அந்தப் பெர்ன்ஹில்லில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ் (பெயர் வேண்டாம்). ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் ஆணியடித்து மாட்டிய இன்டர்நெட் பெட்டி. ஐந்து கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மட்டும் 'சர்வர்' என்று பெயர். உண்மையில் அதுவும் மற்ற நாலைப் போல சாதாரண கம்ப்யூட்டர்தான். ஜன்னலை விட்டுத் தள்ளி, சாரல் படாத மூலையில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு அந்த மரியாதை! டீத்தூள் வியாபாரி, ஹார்டுவேர் கடை, காட்டேஜ், வர்க்கி போடும் பேக்கரி என்று எல்லாருடைய டாலி கணக்கும் அதில்தான் இருக்கிறது. மற்ற நாலு கம்ப்யூட்டரிலும் அது 'இசட் டிரைவ்' என்று தெரியும். காலையில் வந்ததும் டாலியைத் திறப்பார்கள், கம்பெனிகள் வரிசையாக நிற்கும், வேலை ஆரம்பிக்கும்.

ஒரு ஜூலை 20ஆம் தேதி காலையில் அது நிற்கவில்லை.

ஜூலை 20 என்பது சும்மா ஒரு தேதி இல்லை. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்ய அடுத்த மாதம் 20தான் கடைசி நாள். தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி வேறு. தொகை சின்னதாகத் தெரியலாம். ஆனால் அது ஆடிட்டர் ஆபீஸின் தப்பால் வந்தது என்றால், கட்சிக்காரர் அடுத்த வருடம் வேறு ஆபீஸுக்குப் போய்விடுவார். ஊட்டி சின்ன ஊர்.

"அண்ணா, டாலில கம்பெனி ஒண்ணுமே காட்டலீங்க."

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"இருந்துச்சுங்கண்ணா. ராத்திரி கரண்ட் போயி வந்திருக்கும் போல. இப்ப இசட் டிரைவ் மேல சிவப்பா பெருக்கல் குறி போட்டிருக்கு."

முதலில் பார்த்தது பி.காம். முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அண்ணா என்பவர் அந்த ஆபீஸில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். அவர் சொன்ன அடுத்த வார்த்தைதான் அன்றைய குழப்பத்துக்கெல்லாம் ஆரம்பம்.

"டேட்டா போச்சு!"

போகவில்லை. எங்கேயும் போகவில்லை. ஆனால் 'போச்சு' என்று ஒருவர் சொன்ன நிமிடத்திலிருந்து ஆளுக்கொரு வேலையில் இறங்கிவிட்டார்கள்.

அண்ணா தன் பென் டிரைவில் இருந்த போன வாரத்து பேக்கப்பை எடுத்தார். தன் கம்ப்யூட்டரின் டி டிரைவில் அதைப் போட்டு, டாலியில் திறந்து, விட்டுப்போன பில்களை மளமளவென்று ஏற்ற ஆரம்பித்தார். ஆர்ட்டிகிள்ஷிப் பையன் கறுப்புத் திரையைத் திறந்து சர்வரின் எண்ணுக்கு 'பிங்' அடித்தான். பதில் வந்தது. "நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸ்தான் போயிருச்சு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். ஆடிட்டர் சார், வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்குப் போன் போட்டார். அவர் கூடலூரில் ஏதோ வேலையாக இருந்தார். போனிலேயே வைத்தியம் சொன்னார்: "ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க சார். எஸ்எம்பி ஒன்னுனு ஒரு டிக் இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. ஃபோல்டருக்கு எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் குடுத்துருங்க. அதுலயும் வரலைன்னா சாயங்காலம் வந்து ஃபார்மட் அடிச்சிடலாம்."

ஃபார்மட்! எந்த நோய்க்கும் ஒரே மருந்து...

அந்தப் பெண் மட்டும் எழுந்து மூலைக்குப் போனாள். சர்வரின் மானிட்டரைப் போட்டாள். அதிலேயே டாலியைத் திறந்தாள். பேக்கரி, காட்டேஜ், டீத்தூள், ஹார்டுவேர், எல்லாக் கம்பெனியும் வரிசையாக நின்றன. நேற்று சாயங்காலம் கடைசியாகப் போட்ட வவுச்சர் உட்பட.

"சார், டேட்டா இங்கதாங்க சார் இருக்கு. ஒண்ணும் ஆகலை."

இந்த ஒரு வேலைக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதை யாரும் முதலில் செய்யவில்லை. ஏன்? இசட் டிரைவ் என்றால் என்ன என்பதில் எல்லோருக்கும் ஒரு தப்பான நினைப்பு. அதை ஒரு பெட்டி என்று நினைக்கிறார்கள். பெட்டியைக் காணோம் என்றால் உள்ளே இருந்ததும் காணோம் என்றுதானே அர்த்தம்?

ஆனால் இசட் டிரைவ் பெட்டி இல்லை. அது ஒரு முகவரி.

'மேப்' செய்வது என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டருக்கு இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு செல்லப் பெயர் வைப்பது. அவ்வளவுதான். 'இசட் என்று யார் கேட்டாலும், சர்வர் என்ற கம்ப்யூட்டரில் டாலி என்ற ஃபோல்டருக்கு அனுப்பு' என்று விண்டோஸ் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. பெர்ன்ஹில் 643004 என்று எழுதிய காகிதம் மழையில் நனைந்து கிழிந்து போனால், பெர்ன்ஹில்லில் இருக்கும் வீடு இடிந்தா போய்விடும்? கடிதம் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

வீடு இருந்தும் வழி இல்லாமல் நிற்பது இந்த மலைக்குப் புதிதில்லை. குன்னூர் வரை 1899இல் வந்துவிட்ட மலை ரயில், 1908 செப்டம்பரில்தான் பெர்ன்ஹில்லைத் தொட்டது. ஊட்டிக்குப் போய்ச் சேர மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் ஊட்டி அங்கேயேதான் இருந்தது. தண்டவாளம்தான் பாக்கி.

ஆனால் இந்த எழுத்து முறையே எதற்கு? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளத்தில் ஃபிளாப்பி டிரைவ்களுக்கு ஏ, பி என்று பெயர். அதைப் பார்த்து வந்த டாஸ் அதே வழக்கத்தை எடுத்துக்கொண்டது. பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தபோது சி ஆயிற்று. ஃபிளாப்பி போய் எத்தனையோ வருடம் ஆகியும் ஹார்ட் டிஸ்க் இன்னும் சியாகவே இருப்பது இதனால்தான். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் ஒரு கம்ப்யூட்டரின் ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டர் திறப்பதற்கான பேச்சுமுறையை உருவாக்கினார். அதுதான் எஸ்எம்பி. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1992 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், அந்தப் பேச்சைக் கவனித்துக் கவனித்தே யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பெயர் சாம்பா. (மாணவர்கள் கவனிக்க!) இன்று ஆபீஸ்களில் ஃபைல் சேமிக்க வைக்கும் சின்ன நாஸ் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவது சாம்பாதான்.

பழைய புரோகிராம்களுக்கு நெட்வொர்க் என்றால் என்ன என்றே தெரியாது. ஏ, சி என்ற எழுத்துகள் மட்டும்தான் தெரியும். அதனால் அடுத்த அறைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு எழுத்தை மாட்டி, 'இதுவும் உன் டிஸ்க்தான்' என்று ஏமாற்றினார்கள். நல்ல ஏமாற்று வேலைதான். புரோகிராம் ஏமாந்தது. கூடவே மனிதர்களும் ஏமாந்தார்கள். தூரத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பது போலத் தெரிய ஆரம்பித்தது. சிவப்புப் பெருக்கல் குறி விழும் வரை.

சரி, பெர்ன்ஹில் ஆபீஸில் வழி எங்கே அடைபட்டது?

பையன் அடித்த பிங்குக்குப் பதில் வந்ததே, அதுதான் எல்லோரையும் குழப்பியது. அந்தப் பெண் சர்வரில் கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' அடித்தாள். அதன் எண் 192.168.1.8 என்று வந்தது. பையன் பிங் அடித்தது 192.168.1.5க்கு. நாலு கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவ் மேப் ஆகியிருந்ததும் அந்த 5க்குத்தான்.

நடந்தது இதுதான். ஆபீஸில் கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுப்பது சுவரில் தொங்கும் அந்த இன்டர்நெட் பெட்டி. ராத்திரி கரண்ட் போய் வந்ததில் அது யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்துவிட்டது. காலையில் சர்வரைப் போடும் முன்பே யாருடைய செல்போனோ வைஃபையில் சேர்ந்து 5ஐ வாங்கிக்கொண்டது. பிறகு எழுந்த சர்வருக்கு 8 கிடைத்தது. பையனின் பிங்குக்கு 'இருக்கேன்' என்று பதில் சொன்னது சர்வர் இல்லை, யாரோ ஒருவரின் சட்டைப் பையில் இருந்த செல்போன்!

பழைய வீட்டில் புதுக் குடித்தனக்காரர். கதவைத் தட்டினால் ஆள் வருவார். ஆனால் தேடி வந்த ஆள் அவர் இல்லை.

இப்போது போனில் வந்த வைத்தியத்தை நினைத்துப் பார்க்கலாம். ஃபயர்வாலை அணைத்திருந்தாலும் இது சரியாகியிருக்காது. எஸ்எம்பி ஒன்றை ஆன் செய்திருந்தாலும் ஆகியிருக்காது. ஃபார்மட் அடித்திருந்தாலும் ஆகியிருக்காது. சர்வரையே ஃபார்மட் அடித்திருந்தால்தான் உண்மையிலேயே 'டேட்டா போச்சு'!

சரி செய்வது சின்ன வேலை. கறுப்புத் திரையில் 'நெட் யூஸ்' என்ற கட்டளை எந்த எழுத்து எங்கே மாட்டியிருக்கிறது என்று காட்டும். பழைய இசட்டை நீக்கிவிட்டு, எண்ணுக்குப் பதிலாகப் பெயரை வைத்து, \\சர்வர்\டாலி என்று மறுபடி மேப் செய்தாள். எண் மாறினாலும் பெயர் மாறாது. போதாததற்கு, இன்டர்நெட் பெட்டியின் செட்டிங்கில் சர்வருக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கியும் வைத்தாள். நாலு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து அரை மணி நேரம்.

அதைவிட அதிக நேரம் பிடித்தது வேறொரு வேலை. அண்ணா அதற்குள் டி டிரைவுக் கணக்கில் பதினோரு பில் ஏற்றிவிட்டார்.

"அண்ணா, அதுல போடாதீங்க. அது போன வாரத்துக் கணக்கு."

"அட, அப்புறம் சேத்துக்கலாம்மா. இன்னிக்கு இருபது."

"சேத்துக்க முடியாதுங்கண்ணா. ஒரே கம்பெனி ரெண்டு எடத்துல இருக்கு. எதுல இருந்து ரிட்டர்ன் போடுவீங்க?"

அண்ணா கை நின்றது. இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவருக்கு இந்தக் கேள்வியின் எடை புரியும். போன வாரத்துக்கும் நேற்றுக்கும் நடுவே போட்ட கொள்முதல் பில்கள் டி டிரைவுக் கணக்கில் இல்லை. அதை வைத்து 3பி போட்டால் உள்ளீட்டு வரி குறைவாக எடுக்கப்படும், கட்சிக்காரர் கையிலிருந்து அதிகப் பணம் போகும். விற்பனை பில் விட்டுப்போயிருந்தால் இன்னும் மோசம். வரி குறைவாகக் கட்டி, பின்னால் நோட்டீஸ் வாங்க வேண்டும். அடுத்த வாரம் ஒருவர் இசட்டிலும் ஒருவர் டியிலும் எழுதிக்கொண்டே போனால், மார்ச் மாதம் எது நிஜக் கணக்கு என்று யாருக்குமே தெரியாது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டமே வந்துவிட்டது. இரண்டு பிரதியில் எழுதினால் அந்தத் தடமும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

மேப் செய்த டிரைவ் அறுந்தால் வரும் நிஜ ஆபத்து இதுதான். டேட்டா தொலைவது இல்லை. தொலைந்ததாக நினைத்து, அவசரத்தில் இன்னொன்றை உருவாக்கிக்கொள்வது.

பதினோரு பில்லையும் அண்ணாவே மறுபடி இசட்டில் ஏற்றினார். டி டிரைவுப் பிரதியை அந்தப் பெண் அவர் கண் முன்னாலேயே அழித்தாள். சாயங்காலத்துக்குள் எல்லா ரிட்டர்னும் போயிற்று.

எல்லா ஆபீஸிலும் காரணம் இதுவே என்று சொல்ல முடியாது. ஆனால் விண்டோஸ் கொடுக்கும் பிழை எண்ணைப் படித்தாலே பாதி விடை அதில் இருக்கும். யாரும் படிப்பதில்லை, 'ஓகே'யை அமுக்கி மூடிவிடுகிறார்கள். அடிக்கடி வருபவை இவை:

பிழை 53: அந்த முகவரியில் ஃபோல்டர் கொடுக்கிற கம்ப்யூட்டரே கிடைக்கவில்லை. சர்வர் அணைந்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், எண் மாறியிருக்கலாம். ரௌட்டரை மாற்றிய பிறகு விண்டோஸ் அதைப் 'பப்ளிக்' நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு ஷேரிங்கை அடைத்திருக்கலாம்.

பிழை 67: கம்ப்யூட்டர் கிடைத்தது, அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லை. யாரோ ஷேரிங்கை எடுத்துவிட்டார்கள், அல்லது பெயரை மாற்றிவிட்டார்கள்.

பிழை 5: ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே விட அனுமதி இல்லை.

பிழை 86, 1326: பாஸ்வேர்டு தப்பு. இதில் நிறைய பேர் விழும் குழி ஒன்று உண்டு. காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் நாலு இலக்கப் பின் எண்ணை இங்கேயும் போடுவார்கள். பின் எண் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். சர்வர் கேட்பது பாஸ்வேர்டை.

பிழை 71: சர்வரில் இடம் நிறைந்துவிட்டது. சாதாரண விண்டோஸை சர்வராக வைத்தால் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்று வரம்பு உண்டு. எக்ஸ்பி புரொஃபஷனலில் 10, விண்டோஸ் 7க்குப் பிறகு 20.

பிழை 1219: ஒரே சர்வருக்கு ஒரே ஆள் இரண்டு பெயரில் நுழையப் பார்க்கிறார். பழைய இணைப்பை நீக்கிவிட்டு நுழைய வேண்டும்.

பிழை எண்ணே இல்லாமல் வரும் தொல்லைகளும் உண்டு. பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் சர்வர் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். சாப்பிட்டு வந்து பார்த்தால் சிவப்புக் குறி. டபுள் கிளிக் செய்தால் மறைந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. காலையில் வைஃபை எழுவதற்கு முன் விண்டோஸ் எழுந்துவிட்டாலும் இதே கதைதான். இன்னொன்று, டாலியை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்தால் இசட் டிரைவ் டாலியின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விஸ்டா காலத்திலிருந்து, சாதாரண ஆளாக மாட்டிய எழுத்து அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்தவருக்குத் தெரிவதில்லை. ஆள் ஒருவர்தான், விண்டோஸுக்கு மட்டும் இரண்டு பேர்!

இனி, போனில் வந்த வைத்தியம். அன்றைக்குப் பலிக்காது என்பது மட்டும் அதன் குறை இல்லை. வேறு சந்தர்ப்பத்தில் அது பலிக்கும். அதுதான் பெரிய தொந்தரவு. பலித்துவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள். அட்டமியில் வாங்கிய கைமாத்து மாதிரி, வட்டி பின்னால் வரும்.

எஸ்எம்பி ஒன்று என்பது அந்த 1980களின் பேச்சுமுறை. அதில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. பலரும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வானாகிரை கிளம்பியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எங்கேயோ நடந்தது என்று விட முடியாது. நீலகிரிக்கு அடுத்த வயநாட்டில், தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களிலும் அந்தச் சிவப்புத் திரை வந்தது. பிணைப்பணம் கேட்கும் இந்த மாதிரி வைரஸ்களுக்கு மேப் செய்த டிரைவ் என்றால் கொண்டாட்டம். ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தாலே இசட் வழியாக எல்லோருடைய கணக்கையும் பூட்டிவிடலாம். இதற்குப் பிறகுதான், 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி ஒன்றைப் போடாமலே கொடுக்க ஆரம்பித்தார்கள். பழைய நாஸ் பெட்டிகள் திடீரென்று தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னும் கண்டிப்பு. பாஸ்வேர்டு இல்லாத ஷேரிங்கைப் புரோ பதிப்பிலும் ஏற்பதில்லை. 'அப்டேட் போட்டதும் டிரைவ் போச்சு' என்று திட்டுகிறவர்கள் பலர். கதவைச் சாத்தியதற்காகக் காவல்காரரைத் திட்டுவது மாதிரி.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு கதை உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு எச்சரிக்கை போயிற்று. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியே கசிந்தது. முதலில் மறுப்பு, மறுநாள் அக்டோபர் 30 அன்று ஒப்புதல். நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது, அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்றது கழகம். அந்த வைரஸின் பெயர் டிட்ராக். அதன் மாதிரியை ஆராய்ந்தவர்கள் உள்ளே கண்டது என்ன தெரியுமா? அதே 'நெட் யூஸ்' கட்டளை! உள் நெட்வொர்க்கின் ஒரு கம்ப்யூட்டர் எண், அட்மினிஸ்ட்ரேட்டர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருந்தது. திரட்டிய தகவலை அந்த இணைப்பு வழியாக நகர்த்துவதுதான் திட்டம்.

பெர்ன்ஹில்லில் ஒரு பெண் பேக்கரிக் கணக்கைத் திறக்க அடித்த அதே கட்டளை. கட்டளை ஒன்றுதான். சாவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 'எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல்' என்று கொடுப்பது சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது.

இதெல்லாம் நடந்த மறுநாள் அந்த ஆபீஸில் சில விஷயங்கள் மாறின. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்தது. சர்வருக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வந்தது. பேக்கப் தினமும் ஒரு தனி டிஸ்க்கில், எடுத்ததும் கழற்றி பீரோவில். (இசட்டிலேயே பேக்கப் வைப்பது, வீட்டுச் சாவியின் நகலை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போல.) சர்வர் மானிட்டருக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. அந்தப் பெண்ணின் கையெழுத்து:

1. சர்வரில் டாலி திறக்கிறதா? திறந்தால் டேட்டா பத்திரம்.
2. பிழை எண் என்ன? எழுதி வைக்கவும்.
3. ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? ஒருவருக்கு என்றால் அவர் கம்ப்யூட்டரில் தேடவும். எல்லோருக்கும் என்றால் சர்வரில் அல்லது இன்டர்நெட் பெட்டியில் தேடவும்.
4. சர்வரின் எண் மாறியிருக்கிறதா?
5. பாஸ்வேர்டு யாராவது மாற்றினார்களா? அப்டேட் ஏதாவது வந்ததா?
6. எதுவானாலும் பென் டிரைவ் பேக்கப்பில் புது என்ட்ரி போடக் கூடாது.

ஆறாவது வரியின் கீழ் இரண்டு கோடு. அண்ணா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கோபப்படவில்லை.

ஆகஸ்டில் மறுபடி காற்று, மறுபடி கரண்ட் போயிற்று. காலையில் இரண்டு கம்ப்யூட்டரில் சிவப்புப் பெருக்கல் குறி. பையன் நாற்காலியை விட்டு எழுந்தான். அதற்கு முன்பே அண்ணா குரல் கொடுத்தார்.

"சர்வர்ல டாலி திறக்குதா பாரும்மா."

திறந்தது. வைஃபை கொஞ்சம் தாமதமாக எழுந்திருந்தது, அவ்வளவுதான். டபுள் கிளிக் செய்தார்கள், குறி மறைந்தது. அண்ணா டீயை ஊற்றிக்கொண்டு காட்டேஜ் கணக்கைத் திறந்தார்.